கொடுத்தாயிற்றா

கிளிப் கையில் இருந்தது. துணி காயப்போடுகிற சாதாரண நீலக் கிளிப். ஜெனோவா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்படி ஜன்னலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிறு வெறுமையாகத் தொங்கியது, நடுவில் மாமி முடிந்துவைத்த சிவப்பு நாடா மட்டும் காற்றுக்கு லேசாக ஆடியது. நாடாவுக்கு இந்தப் பக்கம் கிளிப் இருந்தால் இனிமேல்தான் மருந்து கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் இருந்தால் கொடுத்தாயிற்று. அவ்வளவுதான் கணக்கு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனால் கிளிப் கையில் இருந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மருந்தைக் கொடுத்து முடித்து, அந்தப் பக்கம் மாட்டத்தான் எடுத்தாளா, இல்லை மறந்துபோகுமே என்று முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டாளா. உள்ளங்கையில் கிளிப்பின் பல் பதிந்து சிவந்திருந்தது. அப்படியென்றால் ரொம்ப நேரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ரொம்ப நேரமென்றால் எவ்வளவு. பொன்மலைச் சங்கு ஊதி ஓய்ந்த மாதிரி காதுக்குள் ஒரு இரைச்சல் மிச்சம் இருந்தது, ஊதியது இப்போதா, காலையில் லீனஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பியபோது ஊதியதா, அல்லது கல்யாணமாகி இந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் அதைக் கேட்டுத் திடுக்கிட்டு அவள் எழுந்து உட்கார, லீனஸ் சிரித்தானே, அந்தச் சங்கா. உள்ளே அறையில் பிள்ளை முனகியது. ரொவினா. ரொவினா, ரொவினா. பெயர் வந்துவிட்டது, தடங்கலில்லாமல் வந்துவிட்டது, நல்லது. பிள்ளைக்கு நேற்றுத் தடுப்பூசி போட்டார்கள், தொடை வீங்கி ராத்திரியெல்லாம் காய்ச்சல். அதுவும் தெரிகிறது. மாமி முதல் வெள்ளி ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அதுவும் தெரிகிறது. எல்லாம் தெரிகிறது, நடுவில் ஒரே ஒரு துண்டை மட்டும் யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அந்தத் துண்டில்தான் மருந்து இருக்கிறது.

பிள்ளை பெற்ற வாரத்திலேயே அவளுக்கு அது வந்தது. தலைவலி என்று படுத்தவள்தான். மூளையில் ரத்தம் உறைந்துபோயிற்று என்றார்கள், ஸ்ட்ரோக் என்றார்கள், அது கிழடுகளுக்கு வருகிற வியாதியல்லவா என்று அவளுடைய அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டாளாம். அதுவும் பிறர் சொல்லித்தான் தெரியும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், அவளுக்கே, சாகக்கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதல் கொடுக்க சாமியார் வந்துவிட்டுப் போனதும் பிறர் சொல்லித்தான் தெரியும். கைகால் திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது, பார்க்கிறவர்கள் நல்லாத்தானே இருக்கிறா என்றார்கள். நல்லாத்தான் இருந்தாள். ஐரோப்பாவின் நதிகளை இன்றைக்கும் மேற்கிலிருந்து கிழக்காகச் சொல்வாள், பதினேழாம் வாய்ப்பாடு சொல்வாள், ஹாஸ்டலில் படித்த ஜெபமெல்லாம் இங்கிலீஷிலும் தமிழிலும் தண்ணீராக வரும். அரைமணி நேரத்துக்கு முன்னால் என்ன செய்தாய் என்று கேட்டால்தான் சுவரில் போய் முட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற தாரிணி, அவளைவிடச் சின்னப் பெண், அக்கா அக்கா என்றுதான் கூப்பிடும், அதுதான் கயிறும் கிளிப்பும் கட்டச் சொன்னது, செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னது. முக்கியமாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஊகிக்காதீங்க அக்கா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, பக்கத்துல இருக்கிறவங்களைக் கேளுங்க. தப்பா ஒண்ணைச் சொல்லிட்டீங்கன்னா அந்தத் தப்புதான் உங்க மண்டையில ஒட்டிக்கும், அப்புறம் பிய்க்க முடியாது. இதை எத்தனை தடவை சொல்லியிருக்கும் என்றால், ஜெனோவாவுக்கே நினைவில் நிற்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஹில்டா அதற்கு எவ்வளவோ முன்னால் வந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார். தெரியவில்லை என்று சொல்வது திமிர். வெறும் தாளை நீட்டுவது ஆசிரியரை அவமதிப்பது. எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, ஏதாவது ஒரு பதில். கான்வென்ட்டில் படித்த அத்தனை வருஷத்திலும் ஜெனோவா ஒரு கேள்வியையும் வெறுமையாக விட்டதில்லை. முதுகு இப்போதும் தானாக நிமிர்ந்தது. கொடுத்துவிட்டேன், சிஸ்டர். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் உதடு சொல்லிப் பார்த்தது. கொடுத்துவிட்டேன். சொன்னவுடனே அது உண்மை மாதிரியே இருந்தது, பிள்ளையின் கன்னத்தை அமுக்கி வாயைத் திறந்தது, நாக்கு துழாவியது, ஆரஞ்சு நிறச் சொட்டு கடைவாயில் வழிந்தது, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அது காலையில் மாமி கொடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தது. இல்லை, இப்போது தானே கொடுத்தது. இல்லை, மாமியின் கை, மாமியின் வளையல் தெரிகிறதே.

அடுப்பு மேடையைப் பார்த்தாள். சொட்டு மருந்துப் புட்டி மூடி திருகியிருந்தது, பக்கத்தில் மருந்தை உறிஞ்சிச் சொட்டுகிற பில்லர் சுத்தமாகக் கழுவி, எவர்சில்வர் டம்ளரில் தலைகீழாகக் கவிழ்த்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. மாமி கழுவினால் இப்படிக் கவிழ்க்க மாட்டாள், மேடையில் கிடத்திவிட்டுப் போவாள். அப்படியென்றால் கழுவியது ஜெனோவா. எப்போது கழுவினாள். கொடுத்த பிறகா, அல்லது மாமி காலையில் போட்டுவிட்டுப் போனதைக் கண்டு பொறுக்காமலா. உபயோகித்த சாமானை அப்படியே போட்டு வைங்க, கழுவாதீங்க, எச்சில் பாத்திரம்தான் உங்களுக்குச் சாட்சி என்று தாரிணி அதையும் சொல்லியிருக்கிறது. ஆனால் ஹாஸ்டலில் ஒரு ஸ்பூனை எச்சிலோடு வைத்துவிட்டுப் போனால் மணி அடித்த பிறகு திரும்ப வந்து, எல்லோர் தட்டையும் சேர்த்துக் கழுவ வேண்டும். கைக்கு அது தெரியும். கைக்கு மூளை வேண்டியதில்லை. கை தன்பாட்டுக்குக் கழுவித் துடைத்து, நடந்தது எல்லாவற்றையும் துடைத்துக் கவிழ்த்துவிட்டது. போனை எடுத்தாள். அலாரம் அடிக்க வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. அடித்திருக்கும், அணைத்திருப்பாள். அணைத்துவிட்டு நேரே மருந்துக்குப் போனாளா, வழியில் வேறேதாவது கூப்பிட்டதா. புட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள், பழுப்புக் கண்ணாடி, உள்ளே கால்வாசிக்குக் கீழே ஏதோ அசைந்தது, ஆனால் முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே குறைந்ததா என்று சொல்ல. அறைக்குப் போனாள். தூளிக்குள் ரொவினா கண்ணை அரைகுறையாகத் திறந்து கிடந்தது, உதடு காய்ந்து, மூச்சு சீக்கிரம் சீக்கிரமாக. குனிந்து வாயை முகர்ந்தாள். ஆரஞ்சு மிட்டாய் வாசனை. தெய்வமே, வாசனை இருக்கிறது, கொடுத்தாயிற்று. ஆனால் சட்டைக் கழுத்திலும் அதே வாசனை, அது காலையில் கக்கிய கறை, காய்ந்து விறைத்திருக்கிறது, வாசனை அதிலிருந்தும் வரலாம். நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. கொடுக்காததால் கொதிக்கிறதா, கொடுத்து இன்னும் வேலை செய்யாததால் கொதிக்கிறதா. தன் வீட்டிலேயே திருடன் வந்து போன தடயத்தைத் தேடுகிற மாதிரி இருந்தது, திருடனும் அவள்தான், தேடுகிறவளும் அவள்தான், களவு போனதும் அவள்தான். டாக்டரம்மா சொன்னதை மாமி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் போனாள். மத்தியானம் ஒரே ஒரு தரம்தான், இரண்டு தரம் போயிற்றென்றால் சின்ன ஈரல், தாங்காது. கொடுக்காமலும் விடாதே, காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும், லீனஸுக்குச் சின்னதில் வந்திருக்கிறது, நீலம் பாய்ந்து விறைத்துப்போய் நான் தெருவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். கொடுத்தால் ஈரல். கொடுக்காவிட்டால் வலிப்பு. ஜெனோவா நடுவில் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு.

கேட்டால் தெரிந்துவிடுமா. யாரைக் கேட்பது, பார்த்தவர் யார். கேட்பதென்றால் லீனஸுக்குப் போன் பண்ண வேண்டும், அவன் படத்தைத் தொட்டால் போதும், போய்விடும். போன் பண்ணினால் ரொவினா போய்விடும். இதை மட்டும் அவளுக்கு யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. மற்றதெல்லாம் சல்லடையில் ஊற்றின தண்ணீர், பயம் மட்டும் சல்லடையிலேயே தங்கிவிடுகிற கல். லீனஸின் அக்கா டெல்ஃபின் தூத்துக்குடியிலிருந்து வருகிறாள். பிள்ளையைக் கொண்டுபோக. அவளுக்குப் பிள்ளை இல்லை, பெரிய வீடு, நல்லவள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அவள் கெட்டவளாக இருந்தால் ஜெனோவாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மாமிக்கு இனிமேல் இங்கே நிற்க உடம்பு முடியவில்லை. சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே லீனஸ் சொன்னான், எப்போது என்று தெரியாது, சோறும் அவன் குனிந்த தலையும் தெரிகிறது. ஞாயித்துக்கிழமை அக்கா வர்றா. அதுக்குள்ள ஒரு மத்தியானம் நீ தனியாப் பாத்துக்கிட்டேன்னா, யாரையும் கேக்காம, ஒரு வேளை மருந்தும் பாலும் சரியாக் குடுத்துட்டேன்னா, ஒரு ஆயாம்மாவப் பாதி நாளைக்குப் போட்டுச் சமாளிச்சிரலாம். இல்லாட்டி கொஞ்ச நாள், உனக்குச் சரியாகிறவரைக்கும். உனக்குச் சரியாகிறவரைக்கும் என்றபோது அவன் குரல் சோற்றுக்குள் போய்விட்டது. ஏனென்றால் ஆஸ்பத்திரியில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்கள், அவள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் தலையாட்டுவதைப் பார்த்தாள். சரியாகிறவர்களுக்கு அப்படித் தலையாட்ட மாட்டார்கள். கொஞ்ச நாள் என்றால் பிள்ளை தவழும், எழுந்து நிற்கும், டெல்ஃபினைப் பார்த்து அம்மா என்னும். அது பிள்ளையின் தப்பில்லை. திரும்பக் கொண்டுவரும்போது யாரோ ஒரு பெண்பிள்ளை வாசலில் நிற்கும், ஜெனோவா யார் வீட்டுப் பிள்ளை இது என்று கேட்பாள். கேட்பாளா. கேட்கலாம். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிக பயம். தினம் தினம் தொட்டு, முகர்ந்து, பெயரைச் சொல்லிச் சொல்லி, அப்படித்தான் ரொவினா இவள் மண்டைக்குள் உட்கார இடம் பிடித்திருக்கிறது. கண்ணில் படாமல் போனால் அந்த இடமும் மூடிக்கொள்ளும்.

யாரையும் கேட்காமல் என்றால் கேட்காமல்தான். கிளிப்பைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் மாட்டினால் முடிந்தது. சும்மா மாட்டிவிடலாம். மாமி வந்து கயிற்றைப் பார்ப்பாள், ஆமா குடுத்திட்டியே என்பாள், லீனஸ் சாயந்தரம் வந்து பார்ப்பான், இவள் முதுகில் தட்டுவான். கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை, கிளிப்பே சொல்லும். அது பொய்யுமில்லை, கொடுத்திருக்கலாம் அல்லவா, பாதிக்குப் பாதி உண்மை. அவள் ஜன்னலுக்குத் திரும்பிப் போனாள். கயிற்றைத் தொட்டாள். வெளியே பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், என்ன ஜெனோவா, பிள்ளைக்குச் சுரம் எப்படி இருக்கு என்று கேட்டாள், இருக்குக்கா, குறைஞ்சிரும் என்று இவளும் நல்ல மனுஷி மாதிரி பதில் சொன்னாள், சிரித்தாள்கூட. வெயிலில் மிளகாய் வாடை ஏறி மூக்கைக் கரித்தது. திரும்பியபோது கிளிப் நாடாவுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருந்தது. அப்பாடா, கொடுத்தாயிற்று என்று ஒரு நிம்மதி இடுப்பெலும்பு வரைக்கும் இறங்கியது. அப்படியே நின்றாள், அந்த நிம்மதி அவ்வளவு சுகமாக இருந்தது. யாரோ ஒருத்தர் பொறுப்பாகப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள், அவர்களை நம்பலாம். உள்ளங்கையைப் பார்த்தாள். பல் பதிந்த சிவப்பு. அது காட்டிக்கொடுத்துவிட்டது. மாட்டியது பொறுப்பான யாருமில்லை. தன்னையே ஏமாற்ற ஒரு நிமிஷம் பக்கத்து வீட்டோடு பேசினால் போதும் என்று அன்றைக்குத்தான், அந்த நிமிஷத்தில்தான், அவளுக்குத் தெரிந்தது. இதுவரைக்கும் மறதியென்றால் ஓட்டை என்று நினைத்திருந்தாள், பொத்தல், விழுந்துபோகிறது. ஓட்டை பரவாயில்லை. இது ஓட்டையில்லை, இது அவளுடைய குரலிலேயே பொய் சொல்கிற ஆள். நாளைக்கும் சொல்லும். கொதிக்கிற பாலை ஆறிவிட்டது என்று சொல்லும். பிள்ளை தூங்குகிறது, தொடாதே என்று சொல்லும். அவள் நம்புவாள்.

பிள்ளை அழவில்லை. அதுதான் திகிலாக இருந்தது. தூக்கினாள், உடம்பு துவண்டு தோளில் விழுந்தது, கழுத்தில் பட்ட மூச்சு அடுப்பைத் திறந்த மாதிரி. ஒரு கண் மட்டும் அவளைப் பார்த்தது. வேறு எந்த முகத்துக்கும் இல்லாத பார்வை அது, தீர்ப்பே சொல்லாத பார்வை. இவள் யாரென்று அதற்குத் தெரியும், நேற்று என்ன செய்தாள், சற்றுமுன் என்ன செய்தாள் என்பதெல்லாம் அதற்கு வேண்டாம். அதற்குத் தெரியும், மருந்து தொண்டையில் இறங்கியதா என்று இந்த வீட்டில் அது ஒன்றுக்குத்தான் தெரியும், ஆனால் அதற்கு வாய் இல்லை. சொல்லேன் தங்கம், என்றாள். அம்மா குடுத்தேனா. அது கொட்டாவி விட்டது, மறுபடியும் அந்த ஆரஞ்சு வாசனை. ஜெனோவாவுக்கு அப்போது சட்டென்று, எந்த யோசனையும் குறுக்கே வராமல், ஈரல் என்பது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தோன்றியது, இந்தச் சின்ன விலாவுக்குக் கீழே, தன் கட்டைவிரல் அமுங்குகிற இடத்தில், ஒரு புளியங்கொட்டை அளவா, ஒரு மாங்கொட்டை அளவா. கட்டைவிரலை எடுத்துக்கொண்டாள். போனில் லீனஸின் படத்தைத் தொட்டாள். தொட்ட பிறகுதான் தொட்டது தெரிந்தது. ஒர்க்‌ஷாப் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது, என்ன ஜெனோ என்றது, அந்த என்னவில் ஏற்கனவே எல்லாம் இருந்தது.

"தெரியல," என்றாள்.

"எது தெரியல?"

"மருந்து குடுத்தேனா குடுக்கலையான்னு தெரியல. கிளிப்பு அந்தப் பக்கம் இருக்கு. ஆனா அதை நம்பாதீங்க, நான் சும்மா மாட்டினது."

இரும்பை இரும்பு அடிக்கிற சத்தம் தள்ளிப்போனது, அவன் போனோடு வெளியே வந்திருக்கிறான். பிறகு அவன் நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான், ஒண்ணும் குடுக்காத, சட்டையைக் கழட்டி ஈரத்துணி போட்டுக்கிட்டே இரு, நான் கோயிலுக்கு ஆள் அனுப்புறேன், நானும் பெர்மிஷன் போட்டுட்டு வர்றேன், போனை வச்சிராத.

"என்னங்க," என்றாள். "கேட்டது கணக்குல வருமா?"

"அதை அப்புறம் பேசலாம், ஜெனோ. துணியை நனைச்சியா?"

நனைத்தாள். துணியை நனைக்கிறேன். பிழிகிறேன். நெற்றியில் போடுகிறேன். அக்குளைத் துடைக்கிறேன். வாயால் சொல்லிக்கொண்டே செய்தாள், மேஜைமேல் கிடந்த போனில் லீனஸ் கேட்டுக்கொண்டே சைக்கிள் மிதிப்பது மூச்சிரைப்பாக வந்தது. இப்போது ஒரு துண்டுகூட விழவில்லை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக எல்லாம் கோத்துக்கொண்டு நின்றது, துணி, தண்ணீர், நெற்றி, துணி. இந்த ஒழுங்கை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கொடுத்திருக்கக் கூடாதா, யார் கொடுக்கிறார்களோ அவர்கள். மாமி முக்காடு கழுத்தில் சரிய, செருப்போடு வீட்டுக்குள் ஓடிவந்தாள், பிள்ளையைப் பறித்தாள், பறித்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்து, நீ உட்காரு தாயி, ஒண்ணுமில்ல, நீ உட்காரு என்றாள். மாமி ஒருநாளும் தாயி என்று கூப்பிட்டதில்லை. லீனஸ் வந்தான், பிள்ளையை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள், அந்த அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பயப்படாதீங்க, ஆனா ராத்திரிவரைக்கும் சொட்டு வேண்டாம், துடைச்சுக்கிட்டே இருங்க, கேட்டுச் செஞ்சதுதான் நல்லது என்றார். யார் கேட்டது என்று அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் ஜெனோவா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், ரயில்வே மைதானத்தில் பையன்கள் பந்து அடித்தார்கள், வெயில் தணிந்திருந்தது, மைதானம் போகப் போக அவளிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது, கயிறு, புட்டி, மிளகாய் வாடை, போனில் கேட்ட இரும்புச் சத்தம்.

விளக்குப் போட்ட பிறகு வராந்தாவில் லீனஸ் யாருடனோ போனில் பேசினான். ஞாயித்துக்கிழமை வேணாங்க்கா, நாளைக்கே வந்துரு, என்றான். இல்ல, அவ மேல தப்பு இல்ல, அவ மறைக்காமச் சொன்னதாலதான் பிள்ளை பிழைச்சுது, ஆனா எல்லா நாளும் சொல்லுவான்னு நான் எப்படி நம்பி வேலைக்குப் போறது. ஜெனோவாவுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது, கேட்டபோது நெஞ்சில் ஏதோ இடிந்து விழுந்தது. பிறகு மாமி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள், கஞ்சி சுட்டது, ஊதி ஊதிக் குடித்தாள், டம்ளர் காலியானபோது இடிந்தது மட்டும் அப்படியே கிடந்தது, எது இடிந்ததென்று இல்லை. மாமி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து, பிள்ளையின் சட்டைகளை அதில் வைத்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். ஏன் மாமி அழுறீங்க, ஊசி போட்டா சுரம் வரத்தான் செய்யும், என்று ஜெனோவா சமாதானம் சொன்னாள். மாமி இன்னும் கொஞ்சம் அழுதாள். லீனஸ் உள்ளே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது, காலையிலிருந்தே இருந்தது, அது என்னவென்று துழாவி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எடுத்துவிட்டாள்.

"நான் இன்னைக்குச் சரியாப் பாத்துக்கிட்டேனா?"

அவன் அவளைப் பார்த்தான்.

"சரியாத்தான் பாத்துக்கிட்ட," என்றான். "உன்னை மாதிரி யாரும் பாத்துக்க முடியாது."

அவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும், புருவம் ஒன்று தூக்கும். தூக்கவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறான். சந்தோஷம் கீழேயிருந்து மெல்ல ஏறி வந்தது, இடிந்து கிடந்ததன்மேல் வந்து நின்றது, அதற்குமேல் ஏற முடியவில்லை. லீனஸ் பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். ராத்திரியில் பிள்ளையை இவள் கையில் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் மாமி எதிரிலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பாள், போதும், குடு, குடு என்று. சுரம் விட்டு நெற்றி வேர்த்திருந்தது, உச்சியில் பால் வாடையும் வேர்வை வாடையும். ரொவினா, என்றாள். ரொவினா, ரொவினா. பிள்ளை அவள் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிற்று. இப்போது கேட்பார்கள் என்று நிமிர்ந்து பார்த்தாள். மாமி பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். லீனஸ் அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டு சும்மா இருந்தான். கால் மரத்துப்போகிறவரைக்கும் காத்திருந்தாள். இன்றைக்கு யாரும் பிள்ளையைத் திருப்பிக் கேட்கவே இல்லை.